மச்சாள் தர வந்த சிறுநீரகம்

சில வருடங்களுக்கு முன், கிளிநொச்சி உருத்திரபுரத்தில் நடந்தது இது. மாரி மழையில் விதைத்த காலபோக நெல் வெட்டி முடிந்து, மேட்டுக் காணிகளில் கச்சான், அதுதான் நிலக்கடலை, பிடுங்கத் தொடங்கியிருந்த நேரம். எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் சிறுநீரகப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயல் செய்கிற ஊர்களில் 'கிட்னி' என்ற சொல்லைக் கேட்காத வீடு குறைவு. தண்ணீர்தான் காரணம் என்பார்கள், வெயில் என்பார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்பார்கள். முகாம் என்றால் ஊரே வரிசையில் நிற்கும். எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் மச்சாள் விட்டால்தானே!

மச்சாள் என்றது என் கணவரின் அக்காவை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புருஷன் பிள்ளைகளோடு இருக்கிறார். அவரைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வாயில் ஒரு கதை தங்காது. காலையில் சந்திக் கடையில் கேட்டதை மதியச் சாப்பாட்டுக்குள் வாய்க்காலின் கடைசி வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அதில் வஞ்சகம் ஏதும் கிடையாது. வெற்றிலையை மென்றபடி, கையை ஆட்டி ஆட்டி, உள்ளதைச் சொல்வார். அவ்வளவுதான். அவருக்கு ஒன்று தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி.

எங்கள் இருவருக்கும் நடுவில் பழைய கதையும் ஒன்று உண்டு. என் அப்பா, அம்மா மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். மச்சாள் வீட்டாரோ யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம். அவர் தம்பி என்னைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, அந்த வீட்டில் அதிகம் துள்ளியது மச்சாள்தான். என் மகள் பிறந்த அன்று வந்து, பிள்ளையைத் தூக்கி மூக்கைப் பார்த்து, "தம்பியின்ர மூக்கு" என்று சொன்னார். அதோடு கோபம் போயிற்று. பிள்ளையை முழுகவார்க்கிறது முதல் எனக்குப் பத்தியக் கறி வைக்கிறது வரை எல்லாம் அவர்தான். சண்டை பிடித்ததும் முழு மனதோடு, சேர்ந்ததும் முழு மனதோடு. அவர் அப்படித்தான்.

என் கணவர் லொறி ஓட்டினார். கிழமைக் கணக்கில் வெளியிலேதான். ஒரு வருடம் காய்ச்சல், இருமல் என்று இளைத்துக்கொண்டே போய், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நெஞ்சுச் சளி என்று எல்லோரிடமும் சொன்னோம். அது எச்.ஐ.வி. என்பதை டொக்டர் எங்கள் இருவரிடம் மட்டும் சொன்னார். அவருக்கே கடைசி நாட்களில்தான் தெரிந்தது. பிறகு என்னையும் மகளையும் சோதித்தார்கள். மகளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது.

அன்றிலிருந்து தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை. அந்தக் குளிசையை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் என் மகள் இன்று தாய் இல்லாத பிள்ளை. அதை விழுங்கிக்கொண்டு நான் வயலுக்குப் போனேன், கோயில் திருவிழாவுக்குப் பொங்கினேன், எல்லோரையும் போல இருந்தேன். தூரத்து ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகிற நாட்களில் மட்டும், தைரொயிட் என்று ஒரு பொய். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முகாமில் இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். சில நாட்களில் மறுபடி கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் தனியாக டொக்டரிடம் போவதில்லை. கூட ஒருவர் போய், நோயாளியை முந்திக்கொண்டு கதைக்க வேண்டும். அதுதான் முறை. எனக்கு மச்சாள் வந்தார். இரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று இளம் டொக்டர் சொன்னார். "வேற ஏதும் குளிசை பாவிக்கிறீங்களோ அம்மா?" என்று அவர் கேட்டபோது மச்சாள் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். "தைரொயிட் குளிசை மட்டும்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வெளியே வந்ததும் மச்சாள் அழுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி உள்ளே போனார். "டொக்டர், என்ர ஒண்டை எடுத்து இவளுக்கு வைக்கலாமோ?"

டொக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, இன்னும் அந்த அளவுக்கு வரேல்லை."

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "நீ பயப்பிடாதை. எனக்கு ரெண்டும் கல்லு மாதிரிக் கிடக்கு. ஒண்டு உனக்கு."

அன்று பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எனக்குக் கிட்னி பழுது என்பதும், மச்சாள் ஒன்றைத் தரப்போகிறார் என்பதும். ஊர் எவ்வளவு நல்லது என்பதை அப்போதுதான் கண்டேன். ஒருவர் தன் மோட்டார்சைக்கிளில் பில்டர் தண்ணிக் கான் கொண்டுவந்து இறக்கினார். இன்னொருவர் உப்பில்லாத கறி அனுப்பினார். கோயிலில் என் பேரில் அர்ச்சனை நடந்தது. மச்சாளோ கிட்னிக்கு நல்லதென்று விடியவே தேங்காய்ப்பூக்கீரையை வேரோடு பிடுங்கி அவித்து, அந்தத் தண்ணீரைச் செம்பு நிறையக் கொண்டுவந்து, நான் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பார். கண்டறியாத மணம் அதற்கு! மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பேன். குடிக்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடும்: எனக்குள் இருக்கிற நோய் எதுவென்று தெரிந்தால் இந்தச் செம்பு என் வாசலுக்கு வருமா?

கிளினிக் நாள் வந்தது. அங்கே இருக்கிற பெண் டொக்டரிடம் முகாம் கதையைச் சொன்னேன். அவர் உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, போன முறை சரியாக இருந்ததே, இடையில் என்ன நடந்தது என்று யோசித்தார். பிறகு கேட்டார்: "நோவுக் குளிசை ஏதும் எடுத்தனீங்களோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. களை பிடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு நாரி நோ. குனிந்தால் நிமிர முடியாது. மச்சாள் தன் இடுப்பில் செருகியிருக்கிற வெற்றிலைக் கொட்டப்பெட்டிக்குள் பாக்கோடு பாக்காக நோவுக் குளிசைகளும் வைத்திருப்பார். வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், களை பிடுங்க வந்த பெண்கள் எல்லோருக்கும் வெற்றிலை நீட்டுகிற மாதிரி அதையும் நீட்டுவார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. களை முடிந்து, வெட்டு முடிந்து, கச்சான் பிடுங்கும்வரை விழுங்கினேன். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்பார்கள்தான். இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. கொட்டப்பெட்டிக்குள் இருந்து வருகிறதை நான் மருந்து என்றே நினைத்ததில்லை.

டொக்டர் என்னை ஏசவில்லை. கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறுதலாக விளக்கினார். என் இரவுக் குளிசைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. அதில் ஒன்று சிலருடைய சிறுநீரகத்தைக் களைக்க வைக்கும். எல்லோருக்கும் அப்படி வராது. வந்தால் நேரத்தோடு பிடிக்கத்தான் இடைக்கிடை இரத்தம் பார்க்கிறார்கள். அதோடு நோவுக் குளிசையும் நாள்கணக்கில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. நேரத்தோடு கண்டுபிடித்ததால் பயமில்லை, வேறு மருந்துக்கு மாற்றலாம், நோவுக் குளிசையை இன்றோடு விடுங்கள், ஆனால் இரவுக் குளிசையை நீங்களாக ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்றார். என்னைக் காப்பாற்றிய குளிசையே இப்படிச் செய்துவிட்டதே என்று அழுதேன். "அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்தது. இனி அந்த வேலையை வேற ஒண்டு செய்யட்டும்," என்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகளாக இருக்கலாம். எனக்கு அன்று அவை சாமி வாக்கு மாதிரி இருந்தன.

எழும்பும்போது, வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் கூட இருக்கிற ஒருவருக்குத் தெரிந்திருந்தால் இந்த மாதிரிப் பிழைகள் நடக்காது என்று மட்டும் சொன்னார்.

கூட இருக்கிற ஒருவர்! மச்சாளைத் தவிர யார் இருக்கிறார்கள் எனக்கு? அவரிடம் சொன்னால் சந்திக் கடைக்குச் சொன்ன மாதிரி. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நாளை அவளுக்குப் பக்கத்தில் யாரும் இருப்பார்களா? போதாததற்கு மச்சாளின் தம்பி. வீட்டு மண்டபத்தில் படம் மாட்டி, தினமும் பூ வைத்து, "தங்கக் கட்டி" என்று கும்பிடுகிற அந்தத் தம்பியிடமிருந்துதான் எனக்கு இது வந்தது என்று எந்த வாயால் சொல்வது? சொல்வதில்லை என்றுதான் பஸ்ஸில் இருந்து இறங்கினேன்.

அடுத்த நாள் காலை மச்சாள் வழக்கம் போலச் செம்போடு வந்தார். ஏதோ ஒன்று மாறியிருந்தது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகுதான் கவனித்தேன். வாய் சிவப்பாக இல்லை. இடுப்பில் கொட்டப்பெட்டியும் இல்லை. முதல் தடவையாக மச்சாளின் உதடு என்ன நிறம் என்று கண்டேன்.

"என்ன மச்சாள், வெத்திலை போடேல்லையோ?"

"விட்டுட்டன்," என்றார் சாதாரணமாக. "குடுக்கிற கிட்னி சுத்தமா இருக்கவேணுமாம். புகையிலை கூடாதாம். ஆஸ்பத்திரியில ஒரு மிஸ்ஸியிட்டைக் கேட்டனான்."

வெற்றிலை இல்லாமல் மச்சாளுக்குத் தலையிடிக்கும், கை நடுங்கும், யாரோடும் எரிந்து விழுவார். நகரத்துக்கு பஸ் ஏறிப் போய், யாரோ ஒரு தாதியை மறித்து, கிட்னி கொடுக்க என்ன பத்தியம் என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. நான் வாங்கிய செம்பைக் கீழே வைத்தேன்.

"வாங்கோ மச்சாள், வாய்க்கால் பக்கம் போவம்."

வாய்க்கால் கரையில், மருத மரத்து நிழலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சுச் சளி பொய் என்றதிலிருந்து, தைரொயிட் பொய் என்றது வரை. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ பிள்ளைகளைத் தூக்குவதாலோ இது ஒருவருக்கும் பரவாது என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன். நோவுக் குளிசைக் கதையை மட்டும் ஒளித்தேன். என் வாழ்க்கையில் மச்சாள் இவ்வளவு நேரம் கதைக்காமல் இருந்ததைப் பார்த்ததில்லை. கால்களைத் தண்ணீருக்குள் விட்டபடி இருந்தார்.

"பிள்ளைக்கு?" என்று முதலில் கேட்டார்.

"இல்லை. அவளுக்கு ஒண்டுமில்லை."

பெரிய மூச்சொன்று விட்டார். பிறகு, "தம்பிக்குத் தெரிஞ்சோ உனக்குத் தந்தவன்?"

"இல்லை மச்சாள். அவருக்கே கடைசியிலதான் தெரியும். என்ர கையைப் பிடிச்சு அழுதவர்."

கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "அப்ப கிட்னி தண்ணியால இல்லையெண்டால், எதால?"

இரவுக் குளிசையின் பக்கவிளைவு, மாற்றித் தருகிறார்கள், சரிவரும் என்றேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ தெரியாது. "இவ்வளவு நாளும் ஒண்டும் செய்யாத குளிசை இப்ப ஏன் செய்தது?" என்று பிடித்தார். படிப்பு குறைவென்றாலும் எமகாதகி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போனது, கொட்டப்பெட்டி இருக்கிற இடத்துக்கு.

"நான் தந்ததோ?" என்றார்.

"தனிய அதால இல்லை மச்சாள்..."

அவர் எழும்பினார். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கரை வழியே நடந்து போய்விட்டார்.

அடுத்த நாள் செம்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு நெளுக்குளத்தில் இருக்கிற என் அண்ணா வீட்டோடு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாம் நாள் கச்சான் காணிப் பக்கம் மச்சாளின் குரல் கேட்டது. தொண்டை கிழிய யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் கூடி நின்றார்கள். குசினிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தண்ணீர் முடிந்துபோனதால் பின்னேரம் பில்டர் தண்ணி எடுக்கிற இடத்துக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. குனிந்த தலை நிமிராமல் கானை நிரப்பினேன். பக்கத்து வளவுப் பெண் கிட்ட வந்தார். என் கையைப் பிடித்தார்.

"உன்ர மச்சாளுக்கும் கிட்னி பழுதாமே? பாவம், உனக்குத் தரவெண்டு இருந்த மனிசி!"

நான் விழித்தேன்.

"வீடு வீடா வந்து நோவுக் குளிசை முழுக்கப் பறிச்சுக்கொண்டு போறா. இதை விழுங்கித்தான் என்ர கிட்னி போனது, நீங்களும் சாகப்போறீங்களோ எண்டு ஒரே ஏச்சு. என்ர மனிசன்ர சேட்டுப் பைக்குள்ள கிடந்ததையும் விடேல்லை!"

கானை அங்கேயே விட்டுவிட்டு மச்சாள் வீட்டுக்கு ஓடினேன். மண்டபத்தில் கதிரையில் இருந்தார். காலடியில் ஒரு பிஸ்கற் ரின், அதற்குள் ஊரில் உள்ள நோவுக் குளிசை எல்லாம். நான் அழத் தொடங்க முன்னமே அவர் தொடங்கிவிட்டார்.

"என்ன பேய் மாதிரி நிக்கிறாய்? இரு. உன்னைப் பற்றி ஒரு மூச்சு விடேல்லை நான். விடவும் மாட்டன். எனக்கும் வாயைப் பூட்டத் தெரியும். ஆனா சும்மா பூட்டினால் வெடிச்சுச் செத்துப்போவன். அதுதான் வேற கதை ஒண்டை எடுத்து ஊருக்கு விட்டனான்."

என் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போனது. பூ புதிதாக இருந்தது. மச்சாள் அதைக் கவனித்துவிட்டார்.

"அவனுக்கும் நல்லாக் குடுத்தனான். ரெண்டு நாளா முன்னால நிண்டு ஏசினன், அறுவான், ஒரு நல்ல பிள்ளையை இப்பிடிச் செய்துபோட்டுப் போட்டியே எண்டு." குரல் உடைந்தது. "பிறகு பூவும் வைச்சனான். என்ன செய்யிறது, நான் தூக்கி வளர்த்தவன்."

இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர் மூக்கைச் சீறி, சேலைத் தலைப்பில் துடைத்து, அலுமாரிக்குள் இருந்து கொட்டப்பெட்டியை எடுத்து, தாராளமாக ஒரு வெற்றிலை போட்டார். "கிட்னி வேண்டாமெண்டால் பிறகென்ன பத்தியம்?" என்றார். அந்த முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று நான் சொன்னால் நம்புவீர்களா? உண்மையாகவே இருந்தது.

எனக்கு மருந்தை மாற்றினார்கள். புதுக் குளிசை ஒத்துக்கொண்டது. கிரியாட்டினின் மெதுவாக இறங்கி, ஒரு இடத்தில் நிலையாக நிற்கிறது. பழையபடி முழுதாக வரவில்லை. ஆனால் பயமில்லை என்கிறார் டொக்டர். களைக் காலத்தில் நாரி நோகும்போது சுடுதண்ணீர் ஒத்தடம் பிடிக்கிறேன். வலி தாங்காவிட்டால், எதை எடுக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டுத்தான் எடுப்பேன். இப்போது கிளினிக்குக்கு நான் தனியாகப் போவதில்லை. மச்சாள் வருகிறார். டொக்டரிடம் என்னை முந்திக்கொண்டு கதைக்கிறார். பஸ்ஸில் யாராவது எங்கே பயணம் என்று கேட்டால், என்னைக் கதைக்க விடமாட்டார். "என்ர கிட்னி கிளினிக்குக்கு. இவள் எனக்குத் துணைக்கு வாறவள்," என்று உரத்துச் சொல்வார்.

இதனால் அவருக்கு வந்த வினைதான் பெரியது. எனக்கு வந்த செம்புகளெல்லாம் இப்போது அவர் வாசலுக்குப் போகின்றன. விடியவே யாராவது ஒருவர் தேங்காய்ப்பூக்கீரை அவித்த தண்ணீரோடு வந்து, அவர் குடித்து முடிக்கும்வரை நிற்கிறார்கள். கல்லு மாதிரி இரண்டு சிறுநீரகங்களை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார் மனிசி. நான் அந்தப் பக்கம் போனால் செம்புக்கு மேலால் என்னை ஒரு முறை முறைப்பார். எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

மச்சாள் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று சொன்னபோது ஊரே அவரை மெச்சியது. அவர் உண்மையாகவே எனக்குத் தந்தது என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால்தான் அதை ஊர்ப் பெயர்களை மாற்றி, ஆட்களின் பெயரில்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.